சுவரை அடைக்கும் அலுமாரி

படுக்கையறையில் ஒரு சுவரை முழுசாக அலுமாரிக்குக் கொடுத்துவிட வேண்டும். நிலத்திலிருந்து சீலிங் வரை, இந்த மூலையிலிருந்து அந்த மூலை வரை, விரல் நுழைய இடம் விடாமல். புத்தளத்திலிருந்து கற்பிட்டி முனை வரை இன்று வீடு கட்டுகிற யாரைக் கேட்டாலும் இதைத்தான் சொல்கிறார்கள். இடம் மிச்சம், தூசி போகாது, கறையான் தொடாது, பார்க்க வடிவு என்று நான்கு காரணமும் சொல்கிறார்கள். இதில் தூசியைப் பற்றியது பாதி உண்மை. இடமும் கறையானும் தவறு. வடிவைப் பற்றி நான் சண்டை பிடிக்க வரவில்லை. ஆனால் ஒரு மழைக்காலம் போனபின் அந்த வடிவு எங்கே நிற்கிறது என்று கதவைத் திறந்து பார்க்கச் சொல்கிறேன். வேறு காற்றுக்கும் வேறு உடுப்புக்கும் பிறந்த யோசனையைக் கடன்பட்டு வாங்கி நம் சுவரில் அறைந்துகொண்டிருக்கிறோம்.

நான் இதைத் தள்ளி நின்று சொல்லவில்லை. என் மகளின் கலியாணத்துக்கு இரண்டு கிழமை இருக்கும்போது அவளுடைய அறைக்கு இப்படி ஓர் அலுமாரி அடித்தோம். சுவர் பூசி முடித்து அன்று பதினெட்டாம் நாள். பலகை வேலைக்கு வந்த தம்பியிடம், "சுவர் இன்னும் குளிரா இருக்கே" என்று கேட்டேன். "ராத்தா, இது தண்ணிக்கு ஒண்டும் ஆகாத போர்ட். பத்து வருஷத்துக்குப் பயமே இல்ல" என்றார். அவர் பொய் சொன்னதாக நான் நினைக்கவில்லை. அவருக்கும் யாரோ அப்படித்தான் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். அடுத்த மழையில் அறைக்குள் கால் வைத்தவுடன் ஒரு வாடை. நனைந்த சாக்கை மூலையில் போட்டு வைத்த வாடை. கலியாணச் சேலையின் மடிப்பில் பச்சைப் புள்ளிகள். மருமகன் நிக்காஹுக்கு உடுத்த கோட்டின் தோளில் சாம்பல் பூத்தது போல ஒரு படலம்.

பின்பலகையைக் கழற்றச் சொன்னேன். அது தாள் போல மெல்லிய பலகை. முன்பக்கம் வெள்ளைப் பூச்சு, சுவரைப் பார்க்கும் பக்கம் வெறும் மண்ணிறம். அந்த மண்ணிறம் முழுக்கக் கறுப்புப் பூஞ்சணம் படர்ந்திருந்தது. அடியில் நிலத்தோடு ஒட்டியிருந்த துண்டு, தேத்தண்ணியில் தோய்த்த ரஸ்க் போல ஊதி, விரலால் அழுத்தினால் உதிர்ந்தது. பிணைச்சல்களைச் சுற்றி கறள் வழிந்து கோடு விழுந்திருந்தது. சுவரைத் தொட்டால் கை ஈரமானது. ஒரு வருஷமாக அந்தச் சுவர் மூச்சு விட வழியில்லாமல் இருந்திருக்கிறது.

இது ஒரு வீட்டின் துரதிர்ஷ்டம் என்றால் எழுதியிருக்க மாட்டேன். கற்பிட்டித் தீபகற்பத்தில் யாருடைய வீட்டிலும் கேட்டுப் பாருங்கள். மேற்கே கடல், கிழக்கே களப்பு. எந்தப் பக்கம் காற்று அடித்தாலும் அது தண்ணீரைத் தாண்டித்தான் வருகிறது. மே தொடக்கம் செப்ரெம்பர் வரை கச்சான் காற்று உப்பையும் மணலையும் அள்ளிக்கொண்டு வீட்டுக்குள் வரும். அந்தக் காற்றுக்காகத்தான் பட்டத்தைப் பிடித்துக்கொண்டு அலைமேல் ஓட வெளிநாட்டுக்காரர்கள் இங்கே வருகிறார்கள். ஒக்டோபர் தொடக்கம் டிசெம்பர் வரை மழை. வருஷத்து மழையில் பெரிய பங்கு அந்த மூன்று மாதத்தில்தான் விழுகிறது.

உப்பு விளைவிக்கிற ஊரில் உப்பின் குணத்தை நான் சொல்லித்தர வேண்டியதில்லை. காற்றின் ஈரப்பதன் நூற்றுக்கு 75ஐத் தாண்டினால் உப்பு தானாகத் தண்ணீர் இழுத்துக் கரையத் தொடங்கும். மழைக்காலத்தில் அடுப்படி உப்புப் போத்தல் கசிவது இதனால்தான். கடற்கரையில் பெரும்பாலான இரவுகளில் ஈரம் அந்த அளவைத் தாண்டிவிடுகிறது. துணியிலும் பலகையிலும் படிந்த உப்புத் தூள் ஒவ்வோர் இரவும் தண்ணீர் குடிக்கிறது. பகலில் காற்றுப் பட்டால் காய்ந்துவிடும். மூடிய பெட்டிக்குள் அது காய்வதே இல்லை. பூஞ்சணத்துக்கு இதைவிட நல்ல வீடு கிடைக்காது.

சுவரும் இதற்குத் துணை போகிறது. நம் பக்கத்து வீடுகள் பெரும்பாலும் சீமெந்துக் கல்லில் எழுகின்றன. வெளிச்சுவருக்கே ஆறங்குலம்தான், நாலங்குலக் கல்லும் உண்டு. வடகீழ்ப் பருவ மழை அந்தச் சுவரில் மணிக்கணக்காக அடிக்கும். மணல் நிலத்தில் தண்ணீர் மட்டம் உயரம். அத்திவாரத்தின் மேல் ஈரத்தைத் தடுக்கும் டி.பி.சி. படையை ஒழுங்காகப் போடாத வீட்டில் ஈரம் கல்லுக்குள் ஏறிக்கொண்டே இருக்கும். கழுவாத கடல்மணலைப் பூச்சில் கலந்திருந்தால் சுவருக்குள்ளேயே உப்பு. அது மேலே பூத்து வெள்ளையாக உதிர்வதைப் பார்க்காதவர் யார்? திறந்த சுவர் இந்த ஈரத்தைக் காற்றில் விட்டுவிடும். அதன் முன்னால் பத்தடிக்கு எட்டடி பலகையை ஆணியடித்து மூடினால் ஈரம் போக ஒரே வழி நம் உடுப்புகள்தான்.

இனி கறையான். "எம்.டி.எஃப்.ஐக் கறையான் தின்னாது" என்பது எவ்வளவு உறுதியாகச் சொல்லப்படுகிறது! எம்.டி.எஃப். என்பது மரத்தை நாராக அரைத்து, யூரியா ஃபோர்மல்டிஹைட் பசையில் குழைத்து, சூட்டில் அழுத்திய பலகை. அதில் இருப்பதும் மரம்தான். கறையானுக்கு வேண்டியதும் அதுதான். மெலமைன் பூச்சைக் கறையான் விரும்பாது, உண்மை. ஆனால் அது வாசல் வழியாக வருவதில்லை. திருகாணி போட்ட துளை, அறுத்த விளிம்பு, பூச்சில்லாத முதுகு, இவற்றின் வழியாகத்தான் வரும். சுவரில் ஒட்டிய பலகை என்றால் அது வருகிற பாதையும் கண்ணுக்குத் தெரியாது. உம்மாவின் தேக்கு அலுமாரிக்கு நாலு கால் இருந்தது. கீழே விளக்குமாறு போகும். காலில் மண்கோடு ஏறினால் அன்றே தெரியும், அன்றே மண்ணெண்ணெய்த் துணியால் துடைத்துவிடுவோம். அலுமாரி என்ற சொல்லைத் தமிழுக்குத் தந்தவர்கள் போர்த்துக்கேயர். அவர்களுக்குப் பின்னால் வந்த ஒல்லாந்தர் செய்வித்த பெரிய அலுமாரிகளும் பந்துபோல் உருண்ட கால்களில்தான் நின்றன. நிலத்தை விட்டு எழும்பி நிற்பது பழைய மோஸ்தர் என்று இப்போது தள்ளிவிடுகிறோம். அது இந்தத் தீவின் மண்ணைப் புரிந்துகொண்ட அறிவு.

பூஞ்சணத்தைச் சொன்னவுடன் கை மருந்து சொல்ல ஆள் வருவார்கள். அந்துருண்டை போடு, சிரட்டைக் கரி வை, ஒரு கோப்பையில் சுண்ணாம்பு வை. கரியும் சுண்ணாம்பும் ஈரம் இழுக்கும், ஒரு பெட்டிக்குப் போதும். ஈரச்சுவர் நாள் முழுக்கத் தள்ளுகிற தண்ணீருக்கு அவை காணாது. அந்துருண்டையோ அந்துப்பூச்சிக்கானது, பூஞ்சணத்தை அது ஒன்றும் செய்யாது. அதைவிட ஒரு விஷயத்தை எல்லாத் தாய்மாரும் தெரிந்துகொள்ள வேண்டும். ஜி6பிடி என்ற நொதியம் குறைவாகப் பிறக்கும் குழந்தைகள் உண்டு. நப்தலீன் உருண்டையோடு வைத்திருந்த துணியை அப்படிப்பட்ட பச்சைக் குழந்தைக்கு உடுத்தினால், போர்த்தினால், இரத்தத்தின் சிவப்பணுக்கள் உடைந்து கடுமையான மஞ்சள்காமாலை வரலாம். மூத்த பிள்ளையின் சட்டைகளை அந்துருண்டை போட்டு எடுத்துவைத்து அடுத்த பிள்ளைக்கு உடுத்துவது நம் வீடுகளில் வழக்கம். அலுமாரி காற்றோட்டமாக இருந்தால் அந்த உருண்டைக்கே வேலையில்லை.

இப்போது எல்லாரும் முதலில் சொல்லும் காரணத்துக்கு வருகிறேன். இடம் மிச்சம். பத்துக்குப் பத்து அறையை எடுங்கள், நம் வீடுகளில் அதுதான் அதிகம். நூறு சதுர அடி. சுவர் நீளம் முழுக்க, இரண்டடி ஆழத்தில் அலுமாரி அடித்தால் இருபது சதுர அடி போய்விட்டது. அறையில் ஐந்தில் ஒரு பங்கு. மீதி அகலம் எட்டடி. ஆறேகால் அடி நீளக் கட்டிலை அலுமாரியைப் பார்த்துப் போட்டால், கட்டில் காலடிக்கும் அலுமாரிக்கும் நடுவே இருபத்தொரு அங்குலம். அதில் கதவைத் திறந்துவிட்டு ஆள் எங்கே நிற்பது? அதற்காக இழுவைக் கதவு போடுகிறார்கள். இழுவைக் கதவில் எப்போதும் பாதிதான் திறக்கும். கீழ்த் தண்டவாளத்தில் கச்சான் கொண்டுவந்த மணல் விழும். ஆறு மாதத்தில் கதவு முனகும், பிறகு இறுகும். கண்டக்குளியில் ஒரு வீட்டில் கோழி இறகால் அந்தத் தண்டவாளத்தைத் தினமும் சுத்தம் பண்ணுகிற பெண்ணைப் பார்த்தேன். அவளுடைய காலைநேரத்தில் அது ஒரு வேலையாகிவிட்டது.

அந்த இரண்டடி எங்கிருந்து வந்தது என்று யாராவது யோசித்தோமா? கோட்டை ஹேங்கரில் மாட்டி, கை மடங்காமல் கதவை மூட வேண்டுமானால் இரண்டடி வேண்டும். குளிர்நாட்டில் ஆளுக்கு நாலைந்து கோட்டு. இன்னொரு காரணமும் உண்டு, அதை ஓடாவிகளைக் கேட்டால் சொல்வார்கள். பலகை எட்டடிக்கு நாலடியாக வருகிறது. நடுவே ஒரு வெட்டு வெட்டினால் இரண்டு இரண்டடித் துண்டு, சேதமில்லை. நம் உடுப்பை யாரும் அளக்கவில்லை, பலகையைத்தான் அளந்தார்கள்.

மகளின் அலுமாரியைக் கழற்றிய பிறகு எங்கள் வீட்டு உடுப்பையெல்லாம் கட்டிலில் கொட்டி எண்ணினேன். ஐந்து பேருடையது. சேலை, சாரம், சட்டைத்துணி, சல்வார், போர்வை, தலையணை உறை, பிள்ளைகளின் வெள்ளைச் சீருடை, தொழுகை உடுப்பு. மூன்றில் இரண்டு பங்குக்கு மேல் மடித்து வைக்கிறவை. மடித்த சேலைக்கும் சாரத்துக்கும் பதினாறு அங்குல ஆழம் தாராளம். இரண்டடித் தட்டில் வைத்தால் பின்வரிசையில் இருப்பதை எடுக்க முன்வரிசையைக் கலைக்க வேண்டும். பின்னால் போனது பெருநாளுக்குத்தான் வெளியே வரும், பூஞ்சணமும் அங்கேதான் தொடங்கும். தொங்கவிட வேண்டியவை எங்களுக்கு அபாயாவும் ஆண்களின் சேர்ட்டும்தான். அபாயாவுக்கு ஐந்தடி உயரம் வேண்டும், நடுவே தட்டு குறுக்கிடக் கூடாது. சேர்ட்டுக்கு மூன்றே கால் அடி போதும், அதன் கீழே இரண்டு இழுப்பறை வைக்கலாம். ஒரு தம்பதிக்கு மூன்றடி அகலத்தில் தொங்கவிட ஒரு பகுதி, ஐந்தடி அகலத்தில் ஆழம் குறைந்த தட்டுகள். இருபது சதுர அடி பதின்மூன்றுக்குள் வந்துவிடுகிறது. பலகை வீணாகுமே என்பார்கள். நாலடிப் பலகையை மூன்றாகப் பிளந்தால் பதினாறு அங்குலம்தானே? இரண்டுக்குப் பதில் மூன்று துண்டு. 2022இல் ரூபாய் விழுந்து, இறக்குமதிப் பலகையின் விலையைக் கேட்டாலே தலை சுற்றிய நாட்களுக்குப் பிறகும் இந்தக் கணக்கை யாரும் போடுவதில்லை என்பது என்னை வருத்துகிறது.

இந்த முழுச்சுவர் ஆசை எங்கிருந்து வந்தது என்று எனக்குத் தெரியும். அதை நான் லேசாக எடுக்கவில்லை. குவைத்திலும் கத்தாரிலும் பத்து வருஷம் மற்றவர் வீட்டு அலுமாரியில் மற்றவர் உடுப்பை அடுக்கிவிட்டு வந்த பெண், தனக்கும் அப்படி ஒன்று வேண்டும் என்று நினைப்பது நியாயம். வென்னப்புவப் பக்கம் இத்தாலிக்குப் போனவர்களின் வீடுகளிலும் இதே கதைதான். அங்கே பார்த்ததை இங்கே கட்டுகிறார்கள். பாலைவனத்தில் இரவும் பகலும் ஏசி ஓடும் அறைக்குச் சரியாக இருப்பது, மின்கட்டணத்துக்குப் பயந்து விசிறியையே நிறுத்தி வைக்கும் நம் அறைக்கு எப்படிச் சரியாகும்?

அதைவிட ஆழமான காரணம் ஒன்று இருக்கிறது. 1990 ஒக்டோபரில் வடக்கிலிருந்து முஸ்லிம்களை விடுதலைப் புலிகள் வெளியேற்றினார்கள். எழுபதாயிரத்துக்கு மேற்பட்டவர்கள். யாழ்ப்பாணத்தில் கொடுத்த அவகாசம் இரண்டு மணித்தியாலம். மன்னார்ப் பக்கத்துச் சனம் பலர் படகில் வந்து கற்பிட்டிக் கரையில் இறங்கினார்கள், உடுத்த உடுப்போடு. கிடுகுக் கொட்டிலில் இரண்டு கம்புக்கு நடுவே கட்டிய கயிறுதான் பல வருஷம் அவர்களுடைய அலுமாரி. அப்படி ஒரு கொட்டிலில் வளர்ந்த ஒரு தங்கச்சி என்னிடம் சொன்னாள்: "ராத்தா, சுவர் முழுக்க அலுமாரி இருந்தா, இனி எழும்பிப் போகத் தேவையில்லை எண்டு மனசுக்குப் படுது." அந்தப் பேச்சுக்கு முன்னால் பூஞ்சணக் கணக்கு சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஆனால் அவளுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அவ்வளவு பட்டு வந்தவள் தன் காசைப் போட்டுச் செய்கிற முதல் அலுமாரி மூன்றாம் மழையில் ஊதி உதிரக் கூடாது.

சுவரோடு சேர்ந்த அலுமாரியே கூடாது என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். கேரளத்தின் ஈரத்தில் வாழ்நாளில் பாதியைக் கழித்த கட்டடக் கலைஞர் லோரி பேக்கர் செங்கல்லிலேயே தட்டும் இருக்கையும் மாடமும் சுவரோடு சேர்த்துக் கட்டினார். விளக்கு மாடம் இல்லாத பழைய வீடு நம் பக்கமும் உண்டா? சுவர் கட்டும்போதே பிறந்த இடம் சுவரின் ஒரு பகுதி. சுவர் முடிந்து, பூசி, பெயின்ட் அடித்து, கலியாணத் தேதி கழுத்தைப் பிடிக்கும்போது கொண்டுவந்து அறையும் பெட்டி சுவருக்குப் போர்த்திய பிளாஸ்டிக். நம் தவறு அலுமாரியைக் கடைசியில் யோசிப்பது. அத்திவாரம் வெட்டும்போதே, யன்னல் எந்தப் பக்கம் என்று கேட்கும்போதே, உடுப்பு எந்தச் சுவரில் என்றும் மேசனிடம் சொல்லிவிட வேண்டும்.

எந்தச் சுவர்? இரண்டு அறைக்கு நடுவே வரும் உள்சுவர். மழை அடிக்கும் வெளிச்சுவர் கூடாது, கச்சான் அடிக்கும் மேற்குச் சுவர் கூடாது, குளியலறைச் சுவர் கூடவே கூடாது. எங்கள் ஊர் ஓடாவி நானா ஒருவர் முன்பு வள்ளத்து வேலை பார்த்தவர். மகளின் அறைக்கு இரண்டாம் தடவை அலுமாரி செய்தவர் அவர்தான். முதலில் சுவரில் உள்ளங்கையை வைத்துக் கொஞ்ச நேரம் நின்றார். "இந்தச் செவரு வேணாம் தங்கச்சி, அந்தச் செவரு" என்றார். நிலத்திலிருந்து ஐந்தங்குலம் உயரத்தில் கொங்கிரீட் மேடை போடச் சொல்லி, அதற்கு மேலே மஹோகனிச் சட்டம் நிறுத்தினார். முதுகுக்கும் சுவருக்கும் இரண்டங்குலம் விட்டார். கீழேயும் மேலேயும் அந்த இடைவெளி திறந்தே இருக்கும், பல்லி கரப்பான் போகாமல் வலை மட்டும். அடைத்துவிட்டால் இடைவெளி விட்டும் பயனில்லை என்றார். தட்டுகள் முழுப் பலகையாக இல்லை, விரல் அகலம் விட்டுவிட்டு அடித்த சட்டங்கள். கதவின் நடுவே பிரம்புப் பின்னல், கொழும்பு–கண்டி வீதியில் வேவல்தெனியவில் வாங்கியது. பிணைச்சல் பித்தளை. கறள் பிடிக்காத உருக்குத்தான் வேண்டும் என்றால் கடையில் 316 என்று கேட்டு வாங்க வேண்டும், சாதாரணமாகத் தருவது 304, கடல்காற்றில் அதுவும் புள்ளி விழும். வள்ளத்து ஆணிக்குப் பார்த்த கவனத்தை அவர் ஒரு பெண்ணின் சேலைத் தட்டுக்கும் பார்த்தார்.

பலகையில்தான் செய்ய முடியும் என்ற வீடுகள் உண்டு, மரத்தின் விலை எனக்கும் தெரியும். அப்படியானால் அறுத்த விளிம்பு, துளை, முதுகு எல்லாவற்றையும் பூச்சால் மூடுங்கள். பலகை நிலத்தைத் தொடக் கூடாது, சுவரையும் தொடக் கூடாது. பூச்சு வேலை முடிந்து குறைந்தது ஒரு மாதம், மழைக்காலமானால் அதற்கும் மேலே, சுவரைத் திறந்து காய விடுங்கள். கலியாணம் முந்திவிட்டால் அந்த ஒரு மாதம் பிள்ளைகள் இரும்புப் பெட்டியில் உடுப்பை வைக்கட்டும், ஒரு குறையும் இல்லை.

தூசிக்கும் பதில் சொல்லிவிடுகிறேன். பிரம்புக் கதவில் தூசி போகும், மறுக்கவில்லை. அலுமாரியின் தலையிலும் படியும். ஆனால் தூசியை உதறலாம். துணியின் நாருக்குள் இறங்கிய பூஞ்சணக் கறையை எத்தனை தடவை துவைக்கலாம், வெயிலில் போடலாம்? என் மகளின் கலியாணச் சேலையைப் புத்தளத்திலும் கொழும்பிலும் இரண்டு இடத்தில் கழுவக் கொடுத்துப் பார்த்தேன். தலைப்பில் அந்தப் புள்ளிகள் இன்னும் இருக்கின்றன.

என் தங்கையின் மகள் பாலாவியில் வீடு கட்டுகிறாள். கல் யன்னல் மட்டத்துக்கு வந்திருக்கிறது. போன கிழமை மேசன் பாஸோடு நின்று, இரண்டு படுக்கையறைக்கும் நடுவே உள்ள சுவரில் சோக்கால் கோடு போட்டு, மூன்றடியும் ஐந்தடியும் குறித்துவிட்டு வந்தேன். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு ஓடாவி நானா அளவெடுக்க வருகிறார். அதற்கு முன் இருவருடைய உடுப்பையும் கட்டிலில் கொட்டி எண்ணி வைக்கச் சொல்லியிருக்கிறேன்.